சிம்ராடீ கேட் யாருடையது

ஜீத்தன் ரஜ்வார் பதினோரு வருஷமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. இதைக் கேட்கிறவர்கள் கடமையுணர்ச்சி, அர்ப்பணிப்பு என்றெல்லாம் உருகுகிறார்கள். ஒரு மண்ணும் இல்லை. அவருக்கு லீவு கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நான் தேவ்நாத் ஓஜா. அரசாங்க நிலக்கரிக் கம்பெனி ஒன்றில் சட்ட அதிகாரி. சுரங்கத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகிற எங்கள் தனி ரயில்பாதை, சிம்ராடீயில் சாலை இலாகாவின் ரோட்டைக் குறுக்காகக் கடக்கிறது. கடக்கிற இடத்தில் ஒரு கேட் இருக்கிறது. பகலில் நாலு வண்டி போகும், ராத்திரியில் ஓட்டம் கிடையாது. அந்த நாலு வண்டிக்கும் கேட்டை மூடித் திறப்பது ஜீத்தனின் வேலை. பாதையும் ரோடும் ஒரே வருஷத்தில் போட்டவை, இரண்டுக்கும் ஒரே காண்ட்ராக்டர். வேலை முடிந்து அந்த மனுஷன் மூட்டை கட்டியபோது கேட்டையும் ஜீத்தனையும் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். யாரிடம் ஒப்படைத்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அப்போதெல்லாம் அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஜீத்தனுக்கு லீவு வேண்டுமென்றால், அன்றைக்கு டீக்கடையில் எந்த ஓவர்சியர் உட்கார்ந்திருக்கிறாரோ அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வார். எங்கள் ஓவர்சியரா அவர்கள் ஓவர்சியரா என்று பார்த்ததில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு லாரி கேட்டின் குறுக்குக் கம்பத்தை உடைத்தது. கம்பத்தை மாற்றித் தரும்படி நாங்கள் இலாகாவுக்கு எழுதினோம். கேட் எங்களுடையது அல்ல என்று பதில் வந்தது. எங்களுடையதும் அல்ல என்று நாங்கள் எழுதினோம். அவர்கள் சொல்வது, ரயில் இல்லாவிட்டால் கேட்டே தேவையில்லை, ஆகவே அது ரயில்காரனின் கேட். நாங்கள் சொல்வது, கேட் மூடுவது ரோட்டை, நிற்பதும் ரோட்டு நிலத்தில், ஆகவே அது ரோட்டுக்காரனின் கேட். இரண்டும் சரிதான். இந்த மாதிரி வழக்குகள் முடியாமல் இழுப்பதற்குக் காரணமே இரண்டு பக்கமும் சரியாக இருப்பதுதான்.

அரசாங்கத்தின் இலாகாவும் அரசாங்கத்தின் கம்பெனியும் ஒன்றை ஒன்று கோர்ட்டுக்கு இழுக்கக் கூடாது. வீட்டுச் சண்டை தெருவுக்கு வரக்கூடாது என்று டெல்லியில் இதற்கென்றே ஒரு கமிட்டி வைத்திருக்கிறார்கள். வக்கீல் வைக்கக் கூடாது, இரண்டு பக்கத்து அதிகாரிகளும் நேரில் போய்ப் பேச வேண்டும். முதல் தடவை போனபோதே நான் ஒரு மனு போட்டேன். முடிவு வரும்வரை கேட்டின் அமைப்பிலோ, ஆளிலோ, நேரத்திலோ, வேறு எந்த வகையிலோ மாற்றம் செய்யக் கூடாது என்று. இலாகாக்காரர்கள் ஏதாவது தில்லுமுல்லு செய்து கேட்டை எங்கள் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயம். கமிட்டி என் மனுவை ஒரு சொல் மாற்றாமல் உத்தரவாக்கியது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் முழுக்கப் பேடா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த உத்தரவால் உடைந்த கம்பத்தைக்கூட மாற்ற முடியாமல் போயிற்று. ஜீத்தன் மூங்கிலை வைத்துக் கட்டினார். ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மூங்கில் உளுத்துப்போகும், அவராகவே வெட்டி வந்து வேறு கட்டுவார். அது உத்தரவை மீறுவதாகாதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. சம்பளம் மட்டும் இரண்டு பக்கமும் பாதிப்பாதி, "ஆட்சேபணையோடு" என்று எழுதிப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் துர்கா பூஜை முடிந்த மறுவாரம் ஜீத்தன் என் ஆபீசுக்கு வந்தார். நாலு வண்டியில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே மூன்று மணி நேரம் கிடைக்கும், அதில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். மேஜையைக் கையால் தடவிப் பார்த்து, ஒரு தாளை வைத்தார்.

"சாஹிப், இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து வேணும்."

"என்ன ஃபாரம் ஜீத்தன் ஜீ?"

"லீவு. நாலு வாரம்."

கண்ணில் புரை. வலது கண்ணில் முன்பே பார்வை இல்லை, இடது கண்ணும் பாலாடை படர்ந்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. மிஷன் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை தேதி கொடுத்து, இரண்டு தடவையும் அவர் போகவில்லை. புரை முத்திவிட்டது, இதற்கு மேல் தள்ளினால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வாரம் தூசியில் நிற்கக் கூடாது. எங்கள் ஊரில் தூசி என்றால் நிலக்கரித் தூசி.

"வேலை எப்படித்தான் பாக்கறீங்க?"

"வண்டி வர்றது தெரியும் சாஹிப். காலுக்கடியில அதிரும். வண்டிக்கு என் கண்ணு தேவையில்ல. மனுசங்களுக்குத்தான் தேவை." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போன செவ்வாக்கிழமை கம்பத்தை இறக்கறேன், கீழ ஒரு சைக்கிள்காரன். நாலு மூட்டை நிலக்கரிய வச்சுத் தள்ளிட்டு வந்திருக்கான். கம்பம் மூட்டையில மோதி நின்னுச்சு. மூட்டை இல்லேன்னா தலையில."

"நீங்க பாக்கலையா?"

"பாத்திருந்தா இறக்குவேனா? எங்கம்மாவை இழுத்துத் திட்டினான் பாருங்க, அந்தச் சத்தத்தை வச்சுத்தான் அங்க ஆளு நிக்கறதே தெரிஞ்சுது."

சொல்லாமல் கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டியதுதானே என்று கேட்டேன். சட்ட அதிகாரி கேட்கிற கேள்வி இல்லை, தெரியும்.

"அன்னிக்கு எவனாவது செத்தா? கேட்டை விட்டுட்டு ஓடினவன்னு என்னைத்தான் புடிப்பாங்க. அந்த ஒண்ணை மட்டும் ரெண்டு ஆபீசும் ஒண்ணா சேந்து செய்யும்." அதில் குத்தல் ஏதும் இல்லை, மழை வரும் என்பது போலச் சொன்னார். "என் கண்ணு போனாப் போகட்டும் சாஹிப். என் கையால ஒருத்தன் சாகக் கூடாது. எனக்கு அந்த பயம்தான்."

ஃபாரத்தின் அடியில் ஒரே ஒரு கோடு இருந்தது. "அனுமதிக்கும் அதிகாரி."

எங்கள் ஜெனரல் மேனேஜர் லால் சாஹிபிடம் எடுத்துப் போனேன். அவர் ஃபாரத்தைத் தொடவே இல்லை, கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது லீவு ஃபாரம் இல்ல ஓஜா. இது சரணாகதி. லீவு குடுக்கறவன்தானே முதலாளி? நீ இதுல ஒரு புள்ளி வச்சாலும் நாளைக்கு டெல்லியில அந்தப் புள்ளியைப் பெருசாக்கிக் காட்டுவாங்க."

"சார், அவருக்குக் கண்ணு தெரியல."

"எனக்குத் தெரியுதே. வெளிய எடுத்துட்டுப் போ."

அடுத்த நாள் சாலை இலாகா ஆபீசுக்குப் போனேன். அங்கே இந்த வழக்கைப் பார்ப்பவர் ரேணுகா டிர்கீ. கும்லாப் பக்கத்து உராவ் பழங்குடிப் பெண்மணி, ஐம்பது வயது, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஏழு வருஷமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருக்கும் சொந்த ஆபீஸ்காரர்களைவிட ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரியும்.

"வாங்க ஓஜா ஜீ. உங்க ஆளு எப்படி இருக்கார்?"

"உங்க ஆளுக்குக் கண்ணு போயிட்டிருக்கு மேடம்."

ஜீத்தனைப் பற்றி நாங்கள் எப்போதும் இப்படித்தான் பேசிக்கொள்வோம். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் டிராயரைத் திறந்து இதே மாதிரி ஒரு ஃபாரத்தை எடுத்துக் காட்டினார். ஜீத்தன் என்னிடம் வருவதற்கு முந்தின நாளே அங்கே போயிருக்கிறார்.

"எங்க மேலதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? 'பாவம், நல்ல மனுஷன், கம்பெனிக்காரங்க உடனே லீவு குடுக்கணும்'னார்."

இரண்டு பேரும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். ஒரே ஃபாரம், ஒரே கோடு, இரண்டு கையெழுத்து. இரண்டுக்கும் அடியில் "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி. ஒரே நேரத்தில் போட்டுவிட்டால் யாரும் யாரையும் முந்தவில்லை. இதற்கு வரைவு எழுதி இரண்டு ஆபீசுக்கும் அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்து லால் சாஹிப் ஓரத்தில் எழுதி அனுப்பினார்: "இரண்டு பேனாவும் ஒரே நொடியில் பட்டன என்பதற்கு யார் சாட்சி?" கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டிருந்தார்.

ஆக டெல்லிதான் கதி. நல்லவேளையாக அடுத்த வாரமே கமிட்டியில் எங்கள் தேதி இருந்தது. வழக்கம்போல நானும் டிர்கீ மேடமும் ஒரே ரயிலில் போனோம். அவர் அரிசிமாவில் பொரித்த துஸ்காவும் கடலைக் குழம்பும் கட்டி வந்திருந்தார், நான் சுட்ட கோதுமை உருண்டையான லிட்டி கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு, மறுநாள் அவர் எனக்கு எதிராகப் பேச வேண்டிய குறிப்பை நான் திருத்திக் கொடுத்தேன். என்னுடையதை அவர் திருத்தினார். ஒருவர் சொதப்பினால் இன்னொருவருக்கும் சேர்த்து வாய்தா விழும் என்பதால் வந்த பழக்கம் இது.

கமிட்டிக்கு ஏழாவது தலைவர் வந்திருந்தார். நாங்கள் ஒருவருக்கு விஷயத்தைப் புரியவைத்து முடிக்கும்போது அவருக்கு மாற்றல் வந்துவிடும். இவர் உற்சாகமானவராகத் தெரிந்தார்.

"சுருக்கமா சொல்லுங்க. இந்த கேட் எதை மூடுது?"

"ரோட்டை சார்," என்றேன்.

"ரயிலுக்காக மூடுது சார்," என்றார் டிர்கீ மேடம்.

"பாருங்க, ரெண்டு பேர் சொல்றதும் சரியா இருக்கு." தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "நல்ல கேஸ் இது. ஆழமா பாக்கணும்."

நான் எழுந்து நின்றேன். "சார், அதுக்கு முன்னால ஒரு சின்ன விண்ணப்பம். கேட்ல இருக்கற ஆளுக்குக் கண் ஆபரேஷன். நாலு வாரம் லீவு குடுத்து, அதுவரைக்கும் வேற ஆள் போட உத்தரவு வேணும். நாங்க ரெண்டு தரப்பும் சேந்து கேக்கறோம்."

"அவர் யாரோட ஆளு?"

"அதுதான் சார் கேஸே."

தலைவர் ஃபைலைப் புரட்டினார். பழுப்பேறிய ஒரு தாளில் நின்று, வாய்விட்டுப் படித்தார். "கேட்டின் அமைப்பிலோ, ஆளிலோ, நேரத்திலோ, வேறு எந்த வகையிலோ." நிமிர்ந்து பார்த்தார். "யார் எழுதினது இது? ஒரு ஓட்டை விடாம எழுதியிருக்காரே. இது இருக்கறப்ப நான் எப்படி வேற ஆள் போடறது? கேஸ் முடியட்டும், எல்லாம் தானா சரியாகும்."

டிர்கீ மேடம் என் பக்கம் திரும்பவில்லை. எழுதினது நான்தான் என்று அவருக்குத் தெரியும். அடுத்த தேதி நாலு மாதம் தள்ளி விழுந்தது. மொத்தமாக உள்ளே இருந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது, வெளியே வரும்போது பிஸ்கட் தட்டு அப்படியே இருந்தது.

அன்றைக்கே ரயிலேறித் திரும்பினோம். விடிந்து கோடர்மா தாண்டின பிறகு டிர்கீ மேடம் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"யாராவது ஒருத்தர் தோத்துட்டா முடிஞ்சுது ஓஜா ஜீ."

"நீங்க தோத்துடுங்களேன்."

"என் பிரமோஷன் ஃபைல் மேல போயிருக்கு. என் சம்பளத்துல எங்க வீட்ல அஞ்சு பேர் சாப்பிடறாங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன். நல்லவ மாதிரி நடிக்க எனக்கு இஷ்டமில்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ரிடையராக எத்தனை வருஷம்?"

"மூணு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க ஒண்ணும் சொல்லலதான்."

ஸ்டேஷனில் இறங்கும்போது மிச்சமிருந்த துஸ்காவை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிம்ராடீக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டெல்லியில் ஆகவில்லை என்பதை நேரில் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வண்டிக்கான நேரம். ஜீத்தன் கம்பத்தை இறக்கும் சக்கரத்தைச் சுற்றத் தயாராக நின்றுகொண்டிருந்தார். நான் அவருக்கு இரண்டு கை தூரத்தில் போய் நின்றேன். முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் பார்வை என் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ போனது.

"யாருப்பா அது? நிக்காத, போ, போ. வண்டி வருது. அந்தப் பக்கம் யாராச்சும் இருக்காங்களா பாத்துச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு தண்டவாளத்தில் கால் வைத்திருந்தாள். நான் கத்தினேன். அவள் சாவகாசமாகக் கடந்து போனாள். ஜீத்தன் கம்பத்தை இறக்கினார். வண்டி வந்து, ஐம்பத்தெட்டுப் பெட்டியும் கடந்து போகும்வரை நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பேடா வாங்கிக் கொடுத்ததை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

ஃபாரம் என் பையிலேயேதான் இருந்தது. ஸ்கூட்டர் சீட்டில் வைத்து, அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டேன். கீழே பதவியையும் எழுதினேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அலுப்பு. பதினோரு வருஷம் ஒரே வாதத்தைச் சொல்லிச் சொல்லி என் வாய்க்கே அலுத்துவிட்டது.

"இந்தாங்க ஜீத்தன் ஜீ. நாளையிலேர்ந்து லீவு."

"ஓஜா சாஹிபா? நீங்களா நின்னுட்டிருந்தீங்க?" தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பவர் போலப் பார்த்தார். "யாரு போட்டிருக்கா?"

"நான்தான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது," என்றேன். பொய் சொல்வது எனக்குத் தொழில்.

எங்கள் ஸைடிங் பாதையில் ரயில்பெட்டி கோக்கும் ராம்பிலாஸைக் கேட்டில் நிற்கச் சொன்னேன். கம்பெனி ஆள் கேட்டில் நிற்கிறான் என்பது மத்தியானத்துக்குள் இலாகாவுக்குத் தெரிந்துவிட்டது. டிர்கீ மேடம் போன் செய்தார்.

"ஃபோட்டோ எடுக்க ஆள் அனுப்பியிருக்கேன் ஓஜா ஜீ. லீவு ஃபாரத்தோட நகல் ஒண்ணும் வந்திருக்கு. நான் டெல்லிக்கு எழுதியாகணும்."

"எழுதுங்க. உங்க லெட்டர்ல மூணாவது பாரா எப்பவும் வழவழன்னு இருக்கும். அனுப்பறதுக்கு முன்னால எனக்குக் காட்டுங்க."

"சரி," என்றார். சாயங்காலம் வரைவு வந்தது. மூன்றாவது பாராவை நான் திருத்தினேன். "கம்பெனி தன் செயலாலேயே உரிமையை ஒப்புக்கொண்டுவிட்டபடியால்" என்று தொடங்கும் அந்த வாக்கியம் என்னுடையது. இந்த வழக்கில் நான் எழுதியவற்றில் வேலைக்கு ஆனது அது ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்து வைத்திருந்த தேதியை மூன்று வாரத்துக்குள் முன்னால் இழுத்தார்கள். தலைவருக்குத் தன் காலத்தில் ஒரு வழக்கு முடிந்ததில் சந்தோஷம். கேட் கம்பெனியுடையது என்று முடிவாயிற்று. லால் சாஹிப் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"பதினோரு வருஷம் ஓஜா. நான் வர்றதுக்கு முன்னாலேர்ந்து நடந்த கேஸ். ஒரு லீவு ஃபாரத்துல தோத்துட்டியே."

"ஆமா சார்."

"ஆமாவா? வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லையா?"

"அவருக்கு ஆபரேஷன் நல்லபடியா ஆச்சு சார்."

சார்ஜ் ஷீட் அந்த வாரமே வந்தது. அதிகாரம் இல்லாமல் லீவு வழங்கியது, நிர்வாகத்தின் நலனுக்கு ஊறு செய்தது, இப்படி நாலு குற்றம். நாலும் உண்மை. அதே வாரம் கேட்டுக்குப் புது இரும்புக் கம்பம் போட்டு, மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்து, கம்பெனி பெயரோடு பலகையும் மாட்டிவிட்டார்கள். அரை நாள் வேலை. ராம்பிலாஸோடு இன்னொருவரையும் நிரந்தரமாகப் போட்டார்கள்.

பிறகு பணியாளர் பிரிவு விழித்துக்கொண்டது. கேட் நம்முடையது என்றால் கேட்காரரும் நம்முடையவர். நம்முடையவர் என்றால் அவருக்குச் சர்வீஸ் புத்தகம் வேண்டும். புத்தகம் திறந்ததும் முதல் பக்கத்தில் பிறந்த தேதி கேட்கும். ஜீத்தனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அறுபதில் ஓய்வு. அவருக்கு அறுபத்திரண்டு. இத்தனை வருஷமும் அவர் யாருடைய ஆளும் இல்லை என்பதால் யாரும் அவர் வயதைப் பார்க்கவே இல்லை. கடிதம் தயாரானது. தபாலில் போகட்டும் என்று நான் இருந்திருக்கலாம். முடியவில்லை, நானே வாங்கிக்கொண்டு போனேன்.

ஜீத்தன் வீட்டு முற்றத்தில் கறுப்புக் கண்ணாடியோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மனைவி ஸுக்னி எனக்கு டீ கொண்டுவந்தாள்.

"இவரு இப்ப நான் வைக்கற சோத்துல கல்லைப் பொறுக்கிக் காட்டறாரு சாஹிப்," என்றாள். "கண்ணு தெரியாதப்பவே நல்லா இருந்துச்சு."

ஜீத்தன் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலை வைத்துத் தானே படித்தார். ஏழாவது வரை படித்தவர், மெதுவாகத்தான் போனது. நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் படித்தார்.

"லீவு கிடையாதுன்னு போட்டிருக்கே."

"ரிடையரானவருக்கு லீவு குடுக்க முடியாதாம்."

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே நான் ரிடையராயிட்டேனா?"

"ஆமா."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"யாருக்கும் தெரியாது ஜீத்தன் ஜீ."

"அப்ப அதுக்கப்புறம் நான் அங்க நின்னது?"

கடைசிப் பாராவை அவரும் படித்துவிட்டார், என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறார். "அது கம்பெனியோட அனுமதி இல்லாம நின்னதுன்னு எழுதியிருக்காங்க," என்றேன்.

"இலாகா அனுமதி?"

"அவங்களுக்கு கேட்டோட சம்பந்தமே இல்லைன்னு ஆயிடுச்சு."

ஸுக்னி டீ டம்ளரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். ஜீத்தன் கடிதத்தை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ரெண்டு வருசம் நான் உங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல."

"இல்ல."

"எவனும் நிக்கச் சொல்லி நிக்கல. எவனும் மூடச் சொல்லி மூடல." என்னை நேராகப் பார்த்தார். அவர் என் முகத்தை அப்படி நேராகப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டிருந்தது. "அப்ப அந்த ரெண்டு வருசம் கேட்டு என்னுது சாஹிப்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, கேலியாகவும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்ததில் அப்படி வருகிறது, அவ்வளவுதான். பதினோரு வருஷம், ஏழு தலைவர்கள், எனக்கும் டிர்கீ மேடத்துக்கும் இந்த வாதம் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"அந்த ரெண்டு வருசத்துல என் கேட்டுல யாரும் சாகல. கண்ணு தெரியாமயே பாத்துக்கிட்டேன். அது இதுல எழுதியிருக்கா?"

"இல்ல."

"எழுதுங்க."

"ஜீத்தன் ஜீ, என் மேலயே சார்ஜ் ஷீட் இருக்கு. என் கையெழுத்துக்கு இப்ப ஒரு மதிப்பும் இல்ல."

"பரவால்ல. எழுதுங்க."

கடிதத்தைப் பிரித்து, பின்பக்கத்தில் எழுதினேன். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை சிம்ராடீ கேட்டை ஜீத்தன் ரஜ்வார் தாமாகவே மூடித் திறந்தார், அந்தக் காலத்தில் அங்கே உயிர்ச்சேதம் ஏதும் இல்லை என்று. கையெழுத்துப் போட்டு, பதவியும் எழுதி நீட்டினேன்.

அவர் வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, விரல் வைக்காமல் படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு ஆடு செத்துச்சு சாஹிப். போன வருசம் மழையில. குறுக்க வந்துடுச்சு, எனக்குத் தெரியல. அதையும் போடுங்க."

ஆட்டையும் எழுதினேன்.